பிப்ரவரி மாதத்துப் பிரிவினைவாதிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி முதல் தேதி ஒன்றிய பட்ஜெட் வாசிக்கப்படுகிறது. அதில் தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்று மதியத்துக்குள் தெரிந்துவிடுகிறது. சாயங்காலம் நீங்கள் எழுத ஆரம்பிக்கிறீர்கள்: "இனி பேசிப் பயனில்லை, பிரிந்து போய்விடலாம்." மார்ச் வரை இது ஓடும். அப்புறம் ஐ.பி.எல். வந்துவிடும்.

கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. உங்கள் கோபத்தில் பாதிக்கு மேல் எனக்கும் உண்டு. மாநில அரசின் கருவூலத் துறையில் நீண்ட காலம் பில் பாஸ் செய்து ஓய்வு பெற்றவன் நான். டெல்லியிலிருந்து வரவேண்டிய தவணை வராததால் கீழே என்னென்ன நிற்கும் என்பதை அருகில் இருந்து பார்த்தவன். அதனால்தான் உங்களோடு பேசத் தோன்றுகிறது. நீங்கள் கையில் எடுத்திருக்கும் சொல், நாம் கேட்க வேண்டிய கணக்கை விழுங்கிவிடுகிறது. எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். "ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்பி வருகிறது" என்று நீங்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். மேடைக்கு நன்றாக இருக்கும், ஆனால் எதிராளி சுலபமாக உடைத்துவிடுவான். ஒரு கம்பெனி நாடு முழுக்க வியாபாரம் செய்தாலும் வருமான வரியைத் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில்தான் கட்டுகிறது. மும்பையில் கட்டப்படும் வரியில் மதுரைக்காரர் வாங்கிய சோப்பின் லாபமும் இருக்கிறது, சென்னையில் கட்டப்படும் வரியில் பாட்னாக்காரர் வாங்கிய பைக்கின் லாபமும் இருக்கிறது. எந்த ஊரில் வசூலானது என்பதை வைத்து யாருடைய பணம் என்று சொல்ல முடியாது.

இதைவிட உறுதியான கணக்கு இருக்கிறது. ஒன்றிய வரியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சொல்வது நிதிக்குழு. 9ஆவது நிதிக்குழுவில் மாநிலங்களுக்கான பங்கில் தமிழ்நாட்டுக்கு 7.931 சதவீதம் கிடைத்தது. 15ஆவது நிதிக்குழுவில் அது 4.079 சதவீதம். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 6 சதவீதம். அதாவது, பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்திருந்தால் நமக்கு ஒரு ரூபாய் வரவேண்டிய இடத்தில் சுமார் 68 காசு வருகிறது. இந்த 68 காசை யாராலும் மறுக்க முடியாது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது செஸ், அதாவது குறிப்பிட்ட ஒரு செலவுக்கென்று சொல்லி வசூலிக்கும் மேல்வரி. பெட்ரோல் பங்கில் நிற்கும்போது யோசித்துப் பாருங்கள். 2022 மே மாதம் வரியைக் குறைத்த பிறகு, ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்றிய அரசின் வரி 19 ரூபாய் 90 காசாக இருந்தது. இதில் மாநிலங்களோடு பங்கு போட வேண்டிய அடிப்படைக் கலால் வரி எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய் 40 காசு. மீதி எல்லாம் சாலைக்கு, வேளாண்மைக்கு என்று பெயர் வைத்த செஸ்ஸும் கூடுதல் தீர்வையும்தான். அவற்றைப் பங்கு போட வேண்டியதில்லை. அந்த 1.40இல் 41 சதவீதம், அதாவது 57 காசு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அந்த 57 காசில் 4.079 சதவீதம்தான் நமக்கு. ஒரு லிட்டருக்கு இரண்டரைக் காசுகூடத் தேறாது. நிதிக்குழு 41 சதவீதம் கொடுக்கச் சொல்கிறது, டெல்லியும் கொடுக்கிறது. ஆனால் எதில் 41 சதவீதம் என்பதை டெல்லியே முடிவு செய்துகொள்கிறது. இதைக் கேட்க வேண்டாமா? கேட்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்பது இதையல்ல, தனிநாடு!

கர்நாடகத்தில் நடந்ததைப் பாருங்கள். 14ஆவது நிதிக்குழுவில் 4.713ஆக இருந்த அவர்கள் பங்கு 15ஆவதில் 3.647ஆக விழுந்தது. ஒரே நிதிக்குழுவில் விழுந்த பெரிய அடி. 2024 பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட் முடிந்த கையோடு, பெங்களூரு ஊரகத் தொகுதியின் அன்றைய எம்.பி. டி.கே. சுரேஷ், இப்படியே போனால் தென்னிந்தியா தனி நாடு கேட்க வேண்டியிருக்கும் என்கிற பொருளில் பேசினார். மறுநாள் நாடாளுமன்றத்தில் 3.647 பற்றி ஒரு பேச்சு இல்லை. மன்னிப்புக் கேள் என்பதுதான் பேச்சு. நிதியமைச்சர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சுரேஷின் சொந்தக் கட்சித் தலைமை விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு வாரம் கழித்து முதலமைச்சர் சித்தராமையா அமைச்சரவையோடு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து புள்ளிவிவரத்தை எடுத்து வைத்தார். அதற்குள் தலைப்பு மாறிப்போயிருந்தது. டெல்லியில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

"அண்ணா கேட்கவில்லையா?" என்று எழுதுகிறீர்கள். கேட்டார். 1962 மே மாதம் மாநிலங்களவையில் தன் முதல் உரையிலேயே, திராவிட இனத்தவன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறேன் என்று ஆரம்பித்துச் சுயநிர்ணய உரிமையைக் கேட்டார். "அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு" என்று ஊர் ஊராக முழங்கிய காலம் அது. ஆனால் அந்த முழக்கத்துக்குள்ளேயே சிக்கல் இருந்தது. ஆந்திரத்திலோ கேரளத்திலோ மைசூரிலோ அதைக் கேட்க ஆளில்லை. 1956இல் மொழிவாரி மாநிலம் வந்ததும் அவரவர் வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். 1961இலேயே ஈ.வெ.கி. சம்பத், திராவிட நாடு நடக்காத காரியம் என்று சொல்லித் தி.மு.க.வை விட்டு வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கினார். பிரிவினைப் பேச்சைத் தடுக்கும் சட்டம் வருவதற்கு முன்பே கட்சிக்குள் சந்தேகம் வந்துவிட்டது.

1962 அக்டோபரில் சீனப் போர். கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது. 1963 ஜனவரியில், பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்க 16ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதா வந்தது. சர் சி.பி. ராமசாமி ஐயர் தலைமையிலான குழு சொன்ன யோசனை அது. அண்ணா மாநிலங்களவையில் அதை எதிர்த்துப் பேசினார். மசோதா நிறைவேறி அக்டோபரில் அமலுக்கு வந்தது, அடுத்த மாதமே தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையை முறைப்படி கைவிட்டது.

அந்தத் திருத்தத்தின் வால் இன்றைக்கும் ஒவ்வொரு தேர்தலிலும் நம் கண்ணெதிரே இருக்கிறது. தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசைக்கு முன்னால் நடப்பதை ஒரு தடவை கவனியுங்கள். டெபாசிட் பணத்தைச் சில்லறையாகக் கொட்டி எண்ண வைக்கும் சுயேச்சையானாலும் சரி, தாரை தப்பட்டையோடு வரும் பெரிய கட்சி வேட்பாளரானாலும் சரி, எழுந்து நின்று ஒரு தாளை வாசிக்க வேண்டும். "இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும்" காப்பேன் என்கிற வரி அதில் வரும். வேட்பாளராக நிற்பதற்கே உறுதிமொழி என்பது 1963க்கு முன் கிடையாது. அது நம்மை மனதில் வைத்து எழுதப்பட்ட வரி என்று சொன்னால் தப்பில்லை.

"அப்படியானால் பயந்து கைவிட்டார்கள்." சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கைவிட்டதால் என்ன நட்டம்? 1962 சட்டமன்றத் தேர்தலில் 50 இடம், அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். 1967இல் ஆட்சி. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம். 1969 ஜனவரியில் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர். அதே ஆண்டு ஒன்றிய–மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழு. 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம். சுதந்திர தினத்தன்று கோட்டையில் கொடியேற்றும் உரிமை ஆளுநரிடமிருந்து முதலமைச்சர்களுக்கு வந்ததும் அதே 1974இல்தான், கலைஞர் கேட்டு வாங்கியது. இந்தியாவின் எல்லா முதல்வர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள், யார் கேட்டது என்று யாருக்கும் ஞாபகமில்லை. கோரிக்கையை விட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா சொன்னதை நீங்கள் அடிக்கடி பகிர்கிறீர்கள். காரணங்களைக் கையில் வைத்துக்கொண்டு கோரிக்கையை மாற்றியவர் அவர் என்பதையும் சேர்த்துப் பகிருங்கள்.

இனி உங்கள் தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். மிரட்டினால்தான் கிடைக்கும் என்கிறீர்கள். இதற்கு உலகத்தில் நல்ல உதாரணம் ஒன்று உண்டு, உங்களில் யாரும் அதைச் சொல்லிப் பார்த்ததில்லை. மேற்கு ஆஸ்திரேலியா.

1930களின் பெரும் பொருளாதார மந்தம். அங்கே கோதுமையும் தங்கமும்தான் பிழைப்பு. கிழக்கே சிட்னி, மெல்போர்ன் தொழிற்சாலைகளைக் காப்பாற்ற இறக்குமதி வரியைத் தேசிய அரசு உயர்த்தி வைத்திருந்தது. அதனால் மேற்கத்தி விவசாயி கலப்பையையும் இயந்திரத்தையும் கூடுதல் விலை கொடுத்து வாங்கினான். கோதுமையை மட்டும் உலகச் சந்தை சொன்ன விலைக்கு விற்றான். 1933 ஏப்ரல் 8 அன்று வாக்கெடுப்பு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் பிரிந்து போகலாம் என்று வாக்களித்தார்கள்.

அதே நாளில் மாநிலத் தேர்தலும் நடந்தது. பிரிவினையை ஆதரித்த முதல்வர் ஜேம்ஸ் மிட்செலின் ஆட்சியை அதே மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள், அவர் தன் தொகுதியிலேயே தோற்றார். பிரிவினையை எதிர்த்த தொழிற்கட்சி ஜெயித்தது! காலையில் ஒரே வரிசையில் நின்று, ஒரு சீட்டில் "பிரிவோம்" என்றும் இன்னொரு சீட்டில் "பிரியக் கூடாது என்பவரே ஆளட்டும்" என்றும் போட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கணக்கைச் சரி செய் என்பதைத்தான் அவர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

புதிய அரசு விருப்பமில்லாவிட்டாலும் மக்கள் தீர்ப்பை மதித்து லண்டனுக்கு மனு எடுத்துப் போனது. ஆஸ்திரேலிய தேசிய அரசின் சம்மதம் இல்லாமல் இதை எடுத்துக்கொள்ள முடியாது என்று 1935இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. ஆனால் 1933லேயே ஆஸ்திரேலியாவில் மானிய ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. பின்தங்கிய மாநிலங்களுக்கு எவ்வளவு ஈடு கொடுக்க வேண்டும் என்று கணக்கிடுவது அதன் வேலை. இன்றும் இயங்குகிறது. மிரட்டல் பலித்தது என்று நீங்கள் சொல்லலாம். ஓரளவு உண்மைதான்.

ஆனால் கதையின் பிற்பகுதி நமக்கு இன்னும் முக்கியம். பின்னாளில் இரும்புத் தாது மேற்கு ஆஸ்திரேலியாவைப் பணக்கார மாநிலமாக்கியது. அந்த ஆணையத்தின் சூத்திரமே அதற்கு எதிராகத் திரும்பியது. 2015–16இல், மக்கள்தொகைப்படி அதற்கு வரவேண்டிய ஜி.எஸ்.டி.யில் ஒரு டாலருக்கு 30 சென்ட்தான் வந்தது. நம் புகாரேதான். இந்தத் தடவை யாரும் பிரிவினை வாக்கெடுப்பு நடத்தவில்லை. சூத்திரத்தையே பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். 2018இல் தேசிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. எந்த மாநிலத்தின் பங்கும் ஒரு டாலருக்கு 70 சென்ட்டுக்குக் கீழே போகக் கூடாது, பிறகு அது 75 ஆக உயர வேண்டும் என்று. மற்ற மாநிலங்கள் நட்டப்படாமல் இருக்க தேசிய அரசே கையிலிருந்து பணம் போட்டது.

இப்போது அந்த 68 காசை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். ஆஸ்திரேலியா "இதற்குக் கீழே விடக் கூடாது" என்று சட்டம் போட்டுத் தடுத்த எல்லைக்கும் கீழே நாம் இருக்கிறோம். நாம் கேட்க வேண்டியது ஒரு கீழ்வரம்பு. ஏழை மாநிலத்துக்குக் கொடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. பீகார்க் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கு நம் பணம் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. எவ்வளவு வரை என்பதற்கு ஓர் எல்லை வேண்டும், அவ்வளவுதான். "நம் வரி நமக்கே" என்று கடைசி வரை இழுத்தால், கோயம்புத்தூர்க்காரர் ராமநாதபுரத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பார். 2021 ஜூலையில் "கொங்கு நாடு" என்று ஒரு பேச்சைக் கிளப்பினார்களே, அன்று நாம் எப்படிக் கொதித்தோம்?

கனடா மாதிரி வாக்கெடுப்பு வைக்கட்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கியூபெக்கில் 1995இல் ஐம்பத்து நாலாயிரம் வாக்கு வித்தியாசத்தில் பிரிவினை தோற்றது. அதற்குப் பின் 1998இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தன்னிச்சையாகப் பிரிந்துபோக மாகாணத்துக்கு உரிமையில்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை ஆம் என்றால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தாக வேண்டும் என்றது. இந்தியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு உருவானதல்ல இந்தக் கூட்டமைப்பு, அதனால் விலகும் உரிமையும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். பிரிவினைக்காக ஆள் திரட்டினால் எந்தச் சட்டம் பாயும் என்பது உங்களுக்கே தெரியும். முகமூடிப் பெயரில் எழுதினாலும் பாயும்.

சட்டத்தை விடுங்கள். தண்ணீரைப் பாருங்கள். காவிரியில் நாம் கடைமடை. 2018இல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. நமக்குப் போதாத தீர்ப்புதான், வருத்தம்தான். ஆனாலும் ஒரு தீர்ப்பு, ஒரு ஆணையம், கர்நாடகம் தராதபோது போய் நிற்க ஒரு வாசல். இரண்டும் இரண்டு நாடு என்றால் எந்த வாசலில் போய் நிற்பது? அடுத்தது கரண்ட். 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்ததை உங்கள் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். வடக்கே மின்சாரம் இருந்தும் இங்கே கொண்டுவர வழி குறுகலாக இருந்தது, தென்மண்டல மின்தொகுப்பு மற்றவற்றோடு ஒத்தியங்கும்படி இணைக்கப்படாததால். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வந்த பிறகுதான் அது இணைந்தது.

இதையெல்லாம் சொல்வதால் டெல்லிக்காரர்களுக்கு நான் நற்சான்றிதழ் கொடுப்பதாக நினைக்காதீர்கள். அவர்களும் இந்த மடலைப் படிக்கட்டும், முக்கியமாக வரிப் பங்கு கேட்டாலே "பிரிவினைவாதி" என்று முத்திரை குத்துகிறவர்கள். பிரிவினை எப்படிப் பிறக்கிறது என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. இலங்கையில் தமிழர்கள் முதலில் கேட்டது தனிநாடு அல்ல. 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி கேட்டது கூட்டாட்சி. 1957இல் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம், கிழித்தெறியப்பட்டது. 1965இல் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தம், நடைமுறைக்கே வரவில்லை. அப்புறம்தான் 1976இல் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1983 ஜூலைக் கலவரம் முடிந்த சூட்டில் ஆகஸ்டில் 6ஆவது திருத்தம் கொண்டுவந்து, பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய் என்றார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் செய்யவில்லை, பதவி போயிற்று. அதன் பின் கால் நூற்றாண்டுக்கு மேல் என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே 1963, அங்கே 1983. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே சத்தியம்தான். இங்கே சத்தியம் செய்தவர்களுக்கு நான்கே ஆண்டில் ஒரு மாநிலத்தை ஆள வழி இருந்தது, அங்கே ஆளுவதற்கு மாநிலமே இல்லை. ஒற்றுமையைக் காப்பாற்றியது உறுதிமொழித் தாள் என்று டெல்லியில் யாராவது நம்பினால் அது தப்புக் கணக்கு. மாநிலத்தின் கையில் அதிகாரமும் பணமும் இருந்ததால் காப்பாற்றப்பட்டது. அந்த இரண்டையும் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறவர்தான் உண்மையில் பிரிவினைக்கு உரம் போடுகிறார். மும்மொழியைக் கொண்டுவரும் பள்ளிக் கல்வித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024–25இல் நமக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்தி வைத்ததை வேறு எப்படிச் சொல்வது?

மாநிலங்களும் ஒன்றியமும் உட்கார்ந்து பேச அரசியல் சட்டத்தின் 263ஆவது பிரிவிலேயே இடம் இருக்கிறது. மாநிலங்களுக்கிடையேயான மன்றம். ராஜமன்னார் குழு கேட்டது, அதே உறவை ஆராய ஒன்றிய அரசு அமைத்த சர்க்காரியா ஆணையம் சொன்னது, 1990இல் வந்தது. 2016 ஜூலையில் கூடிய பிறகு ஆண்டுக்கணக்கில் கூட்டப்படவே இல்லை. இதை யாராவது டிரெண்ட் ஆக்கிப் பார்த்திருக்கிறோமா?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தமிழ்நாட்டின் 39 மக்களவை எம்.பி.க்களில் உங்கள் தொகுதிக்காரர் யார் என்று பாருங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் அவருக்கு எழுதுங்கள். மாநிலப் பங்குக்கு ஒரு கீழ்வரம்பு வேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டுவருவீர்களா? செஸ் வசூலுக்கு உச்சவரம்பு கேட்பீர்களா? மன்றத்தை எப்போது கூட்டப் போகிறீர்கள் என்று அவையில் கேள்வி போட்டீர்களா? அவர் அனுப்பும் பதிலையும், பதில் வரவில்லையென்றால் அதையும், தேதி போட்டு வெளியிடுங்கள். ஆந்திரம், கர்நாடகம், கேரளம், தெலங்கானாவில் இருக்கும் உங்கள் நண்பர்களும் அவரவர் எம்.பி.க்கு இதையே எழுதட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கருவூல ஊழியர் ஒருவர்